படத்திற்கும் உண்டு அறிவிப்பாளர் தொடர்



சிங்கப்பூரில் நெடுங்காலம் சபராளியாக வாழ்ந்து, இப்போது ஊரோடு தங்கிவிட்ட பெரியவர் ஒருவர், ரமலானுக்குச் சில நாட்கள் முன்னர் எங்கள் மத்ரஸாவுக்கு வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடிச் சட்டம் ஒன்று. பிரித்தால், பழுப்பேறிய தாளில் ஒரு துறைமுகக் காட்சி! தொலைவில் குன்று; அதன் அடியில் வெள்ளைக் கட்டடங்கள்; நடுவே பாய் சுருட்டிய கப்பல்கள்; கரையோரம் சிறு படகுகள். முன்புறத்தில் தலைப்பாகையும் நீண்ட அங்கியுமாக இருவர் நின்று பேசிக்கொண்டிருக்கின்றனர்.

“ஹஜ்ரத், இது நூற்றெண்பது வருஷத்துக்கு முந்திய சிங்கப்பூர். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலில் வந்து வரைந்தது. இதோ நிற்கிறாரே, இவர் நம்மவர். நாகூரிலிருந்து போன மரக்காயர். என் பாட்டனாருக்குப் பாட்டனார் காலம். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்” என்றார். கண்கள் பனித்திருந்தன. பழம்பொருள் கடையொன்றில், சேமிப்பில் கணிசமானதைக் கொடுத்து வாங்கினாராம்.

நானும் மகிழ்ந்தேன். மாணவர்களை அழைத்துக் காட்டினேன். அதன் பின்னரே படத்தின் கீழ் விளிம்பில், எறும்பு ஊர்ந்தாற்போல் ஓடிய சிறு எழுத்துகளைக் கவனித்தேன். அங்கே மூன்று பெயர்கள் இருந்தன. கப்பலில் வந்து வரைந்தவர் பெயர் முதலாவது. அதனை அச்சுக் கல்லில் எழுதியவர் பெயர் இரண்டாவது. மூன்றாவதைப் படித்ததும், பெரியவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று திகைத்துப் போனேன். ‘உருவங்கள்: பாயோ’ என்று பிரெஞ்சு மொழியில் அச்சிட்டிருந்தது.

அந்த ஒரு வரியின் பொருளை விளக்கவே இக்கட்டுரை. நம் சமுதாயத்தில் கடல் கடந்து வாழ்ந்தோர் வீடுகள் பலவற்றில் இத்தகைய படங்களோ அவற்றின் மறுபதிப்புகளோ தொங்குகின்றன. அவற்றைச் சுட்டி நம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்கிறோம். சொல்லுமுன், சாட்சியை விசாரிக்க வேண்டாமா? கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ளும்படி திருமறையின் ஹுஜ்ராத் அத்தியாயம் நம்மைப் பணிக்கவில்லையா?

கப்பலில் ஏறிய சித்திரக்காரர்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, பிரெஞ்சு அரசு உலகைச் சுற்றிப் பல ஆய்வுக் கப்பல்களை அனுப்பியது. தாவரம், விலங்கு, கடலாழம், காற்று, காந்தம் ஆகியன பற்றிய அறிவைத் திரட்டுவது வெளிப்படை நோக்கம். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஸ்பானியரும் எங்கெங்கே காலூன்றியிருக்கின்றனர், அவர்தம் துறைமுகங்களில் எத்தனை பீரங்கி, எவ்வளவு வணிகம் என்று பார்த்து வருவது, சொல்லியும் சொல்லாமலும் வைத்த மற்றொரு நோக்கம். புகைப்படம் இல்லாத காலமாதலின், கப்பல்தோறும் சித்திரம் வரைய வல்லார் இருந்தனர். கப்பல் திரும்பியதும் அரசின் ஆணையால் பெருநூல்கள் வெளியாகும். அவற்றோடு படத்தொகுதி ஒன்றும் பெரிய தாள்களில் அச்சாகும். பிற்காலத்தில் வியாபாரிகள் அத்தொகுதிகளின் தையலைப் பிரித்து, ஒவ்வொரு தாளாகச் சட்டமிட்டு விற்கலாயினர். பெரியவர் வாங்கியது அப்படிப் பிரிந்து வந்த ஒரு தாள்.

1800 அக்டோபர் 19 அன்று லெ ஆவ்ர் துறைமுகத்திலிருந்து நிக்கோலா போதேன் என்பாரின் தலைமையில் இரு கப்பல்கள் ஆஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்டன. பயிற்சி பெற்ற ஓவியர் மூவர் அதில் நியமனம் பெற்றிருந்தனர். 1801 மார்ச்சில் கப்பல்கள் மொரீசியஸை (அந்நாளில் அதற்குப் ‘பிரான்சுத் தீவு’ என்று பெயர்) அடைந்தபோது, மூவரும் பயணத்தைக் கைவிட்டு இறங்கிவிட்டனர்! பீரங்கியாளரின் உதவியாட்களாகப் பதிவாகியிருந்த லெசூர், பெத்தி என்னும் இரு இளைஞர்கள் அப்பணியை ஏற்றனர். லெசூர் புறப்படும்போது அவருக்கு 22 வயது. பெத்திக்கு அவரினும் ஓராண்டு கூடுதல். 1802இல் கப்பல்கள் ஆங்கிலேயரின் சிட்னித் துறைமுகத்தில் பல மாதங்கள் தங்கின. அந்நகரை லெசூர் வரைந்த காட்சி இன்றும் பலராலும் போற்றப்படுகின்றது.

அமைதியான படம் அது. ஆயின், அதே லெசூர் நகரின் வரைபடத்தையும் தயாரித்தார் என்பதையும், அதில் படைவீடும் வெடிமருந்துக் கிடங்கும் தவறாமல் குறிக்கப்பட்டன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவருடைய நண்பரும், பிற்காலத்தில் பயண வரலாற்றை எழுதியவருமான பெரோன், 1803 டிசம்பரில் மொரீசியஸில் ஆளுநராயிருந்த தெகான் என்னும் தளபதியிடம் ஓர் அறிக்கை கொடுத்தார். சிட்னியைக் கைப்பற்றுவது எப்படி என்பதே அதன் சாரம்! நோயுற்று மெலிந்து வந்த பிரெஞ்சு மாலுமிகளுக்கு மருத்துவமும் உணவும் தந்து உபசரித்த ஊர் அது என்பதை நினைக்கும்போது நமக்கு ஒருவாறு கூச்சம் உண்டாகிறது. பெரோனுக்கு உண்டானதாகத் தெரியவில்லை.

யார் கண்டார்? யார் வரைந்தார்?

இவ்விடத்தில் ஹதீஸ் கலையிலிருந்து ஓர் உவமையைக் கடன் வாங்குகிறேன். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பொன்மொழிகளோடு ஒரு துறைமுகப் படத்தை ஒப்பிடுவதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். விசாரிக்கும் முறையை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். ஓர் அறிவிப்பு கிடைத்தால் நம் இமாம்கள் முதலில் அதன் தொடரை நோக்குவர். இவர் யாரிடம் கேட்டார்? அவரை நேரில் சந்தித்தாரா? சந்தித்ததற்கு ஆதாரம் வேண்டும் என்பதில் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் காட்டிய கண்டிப்பை மத்ரஸா மாணவர் எவரும் அறிவர்.

சிட்னிப் படத்தின் தொடரை அவ்வாறே நோக்குவோம். லெசூர் நேரில் கண்டவர், ஐயமில்லை. அவர் தாளில் வரைந்ததை, பாரிஸில் செதுக்குத் தொழிலாளர் செப்புத் தகட்டில் ஊசியாலும் உளியாலும் கீறினர். அவர்கள் சிட்னியைக் கண்டவர்கள் அல்லர். மேற்பார்வையிட்டவர் பெயராக மில்பேர் என்பது பல தாள்களின் அடியில் காணப்படுகிறது. இந்த மில்பேர் யார் தெரியுமா? மொரீசியஸில் இறங்கிக்கொண்ட ஓவியர் மூவருள் ஒருவர்! ஆஸ்திரேலியக் கரையை அவர் கண்ணாலும் கண்டதில்லை. படத்தொகுதி 1807இல் வெளிவரத் தொடங்கியது. பெத்தியோ 1804இலேயே இறந்துவிட்டார். தாம் வரைந்தது தகட்டில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க அவருக்கு ஆயுள் இல்லை.

படத்தின் கீழே இடப்பக்கம் காணும் பெயர் பெரும்பாலும் வரைந்தவருடையது. வலப்பக்கம் செதுக்கியவர் அல்லது கல்லில் எழுதியவருடையது. செப்புத் தகட்டு அச்சாயின், படத்தைச் சுற்றி விரலால் தடவினால் ஒரு பள்ளம் தட்டுப்படும். தகட்டின் அழுத்தம் தாளில் விட்ட தழும்பு அது. கல்லச்சில் அது இராது. கல்லச்சு 1790களின் இறுதியில் ஜெர்மனியில் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை. சுண்ணாம்புக் கல்லின்மீது எண்ணெய்ப்பசை கலந்த கோலால் எழுதி, நீர் தடவி, மை உருட்டினால், எழுதிய இடம் மட்டும் மையை ஏற்கும். செதுக்குவதைவிட விரைவானது, செலவும் குறைவு. 1820களுக்குப் பின் வந்த பயணத் தொகுதிகளில் கல்லச்சே ஓங்கி நிற்கின்றது. வண்ணத்தைப் பொறுத்தவரை, அது பெரும்பாலும் பின்னர் கையால் தீட்டியது. சில வேளை நூறாண்டு கழித்து, விலை ஏற்றுவதற்காகக் கடைக்காரர் தீட்டியதாகவும் இருக்கும். ஆகவே “சிவப்புத் தலைப்பாகை அணிந்திருக்கிறார், ஆகையால் இன்ன இனத்தவர்” என்று வாதிடுவது மணலில் வீடு கட்டுவதாகும்.

மில்பேரைக் குறைத்துச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றுகிறது. மொரீசியஸைப் பொறுத்தவரை அவர் நேரில் கண்ட சாட்சி. இரண்டாண்டுகளுக்கு மேல் அங்குத் தங்கி வரைந்து, 1812இல் இரு பாகங்களாக நூலும் படத்தொகுதியும் வெளியிட்டார். போர்ட் லூயித் துறைமுகம் அதில் பல கோணங்களில் வருகிறது. அத்துறைமுகத்தோடு தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் நேரடி உறவு உண்டு. 1735இல் ஆளுநராக வந்த லபூர்தொனே (1746இல் சென்னையைக் கைப்பற்றியவரும் இவரே) துறைமுகத்தையும் நகரையும் எழுப்பப் புதுச்சேரியிலிருந்து கொத்தரையும் தச்சரையும் வருவித்தார். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் உழைப்பு அதனினும் பெரிது. கப்பல்களில் ஊழியம் புரிந்த லஸ்கர்கள் என்னும் இந்திய முஸ்லிம் மாலுமிகள் நகரின் ஓரத்தில் ‘லஸ்கர் முகாம்’ என்ற பகுதியில் வாழ்ந்தனர். படையைக் குறிக்கும் ‘லஷ்கர்’ என்னும் பாரசீகச் சொல்லே அவ்வாறு திரிந்தது. அத்தீவின் முதல் பள்ளிவாசல் அங்கே 1805இல் எழுந்தது.

துறைமுகப் படங்களின் இயல்பு என்னவெனில், கப்பலில் நின்று கரையை நோக்குபவன் கண்ணுக்குக் கோட்டையும் கிடங்கும் மாளிகையும் கொடிமரமும் பெரிதாகத் தெரியும். கல்லை அடுக்கியவனும் கயிற்றை இழுத்தவனும் முன்புறத்தில் புள்ளிகளாகவோ, காட்சிக்கு அழகு சேர்க்கும் பொம்மைகளாகவோ நிற்பார்கள். நாம் தேடுவது அந்தப் பொம்மைகளைத்தான்! அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

‘உருவங்கள்: பாயோ’

1836 பிப்ரவரியில் தூலோனிலிருந்து புறப்பட்ட ‘லா போனித்’ என்னும் கப்பல், வையான் என்பாரின் தலைமையில் உலகைச் சுற்றி 1837 நவம்பரில் நாடு திரும்பியது. மணிலா, மக்காவ், சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு, கல்கத்தா, புதுச்சேரி என அது தொட்ட துறைகளுள் பல நமக்குப் பழகியவை. ஃபிஸ்கே, லோவேர்ன் என்னும் இருவர் கப்பலில் இருந்து வரைந்தனர். பின்னர் பாரிஸில் கல்லச்சாக அவை வெளிவந்தன. அக்கால அச்சகங்களில் வேலை பங்கு போடப்பட்டிருந்தது. நிலக்காட்சியில் வல்லவர் ஒருவர். மனித உருவங்களில் வல்லவர் மற்றொருவர். குன்று, கடல், கட்டடம் ஆகியவற்றைப் பிஷ்புவா போன்றோர் கல்லில் எழுதுவர். வெறிச்சென்றிருக்கும் முன்புறத்தில் ஆட்களை நிறுத்துவதற்குப் பாயோவை அழைப்பர். அவர் அந்தக் கப்பலில் வந்தவர் அல்லர்.

ஹதீஸ் கலையில் இதற்கு ஈடான ஒரு சொல் உண்டு: ‘முத்ரஜ்’. மூல வாசகத்தில் இல்லாத சொல்லை, இடையில் வந்த அறிவிப்பாளர் ஒருவர் விளக்கமாகவோ வேறு காரணத்தாலோ சேர்த்துவிடுவது. சேர்த்தவர் பொய்யர் என்று பொருளன்று. பாயோவும் பொய்யர் அல்லர். தம் பெயரை நேர்மையாக அடியில் பொறித்திருக்கின்றார். கப்பல் ஓவியர் தனித்தாளில் வரைந்து வந்த உருவங்களைப் பார்த்தும் அவர் எழுதியிருக்கலாம். ஆயினும் அன்று, அந்தக் கரையில், அந்த இருவர் நின்றனர் என்பதற்கு அந்தப் படம் சாட்சியாகாது.

இதனினும் வலுவற்ற வகை ஒன்றுண்டு. துமோன் துர்வில் என்ற புகழ்பெற்ற மாலுமியின் பெயரால் 1834, 1835ஆம் ஆண்டுகளில் உலகப் பயணச் சித்திர நூலொன்று பாரிஸில் வெளிவந்து அமோகமாக விற்றது. பல கடலோடிகளின் நூல்களைத் தொகுத்து, ஒருவரே கண்டு வந்தாற்போல் கோத்த கற்பனைப் பயணம் அது! அதன் படங்களைத் தந்த தெ செய்ன்சன், துர்வில்லோடு 1826 முதல் 1829 வரை மெய்யாகவே உலகைச் சுற்றியவர்தாம். எனினும் அந்நூலில் அவர் கண்ட இடங்களோடு, பிறர் வரைந்தவற்றைப் பார்த்து எழுதிய இடங்களும் கலந்து கிடக்கின்றன. அந்நூலின் தாள்களும் இன்று தனித்தனியே சட்டமேறி, ‘நேரில் கண்டு வரைந்தது’ என்ற பேச்சோடு விலைபோகின்றன. ஏமாறாதீர்கள்.

அளந்து வரைந்த ஒருவர்

அப்படியாயின் இப்படங்கள் யாவும் வீணா? அல்ல. எத்மோன் பாரிஸ் என்ற கடற்படை அதிகாரியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. (நகரத்தின் பெயரே இவரது குடும்பப் பெயரும்.) 1806இல் பிறந்த இவர், 1826க்கும் 1840க்கும் இடையே மூன்று முறை உலகைச் சுற்றினார். மூன்றாம் பயணத்தில் இயந்திரமொன்றில் சிக்கி இடக்கையை இழந்தார்; வரைவதை நிறுத்தினாரில்லை. ஏனையோர் துறைமுகத்தை அழகுக் காட்சியாகப் பார்த்தனர்; இவர் அங்கு மிதந்த படகுகளைத் தச்சன் கண்ணால் பார்த்தார். நீளம், அகலம், ஆழம், பாய்மரத்தின் சாய்வு, பலகையின் இணைப்பு என யாவற்றையும் அளந்து, அளவுகோலோடு வரைந்தார். ஐரோப்பியர் அல்லாத மக்களின் கப்பற்கட்டுமானம் பற்றி 1841 முதல் 1843 வரை வெளிவந்த அவரது நூலில் 130க்கும் மேற்பட்ட படத்தாள்கள் உள்ளன. மஸ்கட்டின் அரபுக் கப்பல்கள், மலாய்ப் படகுகள், சீன மரக்கலங்கள் ஆகியவற்றோடு நம் சோழமண்டலக் கரையின் தோணியும் கட்டுமரமும் அதில் இடம்பெற்றுள்ளன. சலங்கும் உண்டு.

சலங்கை அறியாதவர்களுக்காக ஒரு சொல். அக்காலத்தில் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ கப்பல் அணையும் துறை கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். மோதும் அலைகளைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை சலங்குகளே. ஆங்கிலேயர் இதனை மசூலாப் படகு என்றனர். பலகைகளை இரும்பு ஆணியால் அறையாமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறைந்தால் ஆணியடித்த படகு பிளக்கும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஐரோப்பியரின் படகு எதுவும் அந்த அலைக்கு ஈடு கொடுக்கவில்லை என்பதால், ஆளுநராயினும் தளபதியாயினும் நம் கரையோரத்து உழைப்பாளியை நம்பியே தரையில் கால் வைத்தனர். எத்தனை துறைமுகப் படங்களில் அந்த உழைப்பாளி ஒரு புள்ளியாகத் தெரிகிறார்! அவர் ஓட்டிய படகின் தையல் முறையைப் பாரிஸ் அளந்து பதிந்து வைத்தார். 1871 முதல் 1893இல் மறையும் வரை அவர் பாரிஸ் நகரின் கடற்படை அருங்காட்சியகப் பொறுப்பாளராக இருந்து, அங்கே உலகப் படகுகளின் சிறு மாதிரிகளைச் செய்வித்தார். என் தாழ்மையான எண்ணத்தில், அழகில் சிறந்த நூறு காட்சிப் படங்களைவிட அந்த அளவுப் படம் ஒன்று நமக்குக் கூடுதலாகச் சொல்கிறது.

பெரியவரிடம் சொன்னது

இனி, பெரியவரின் செய்திக்கு வருவோம். மறைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மாணவர்களை அனுப்பிவிட்டு, மூன்று பெயர்களையும் விரலால் சுட்டிப் படித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. “அப்படியானால் இவர் நம்மவர் இல்லையா, ஹஜ்ரத்?” என்றார்.

“இவர் எவருமே அல்லர் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் நம்மவர் அங்கே இருந்தனர் என்பதற்கு இந்தப் படம் தேவையில்லையே! 1826இல் அங்கே சூலியா முஸ்லிம்கள் ஜாமிஆ பள்ளிவாசலை அமைத்துவிட்டனர். 1828க்கும் 1830க்கும் இடையே தெலுக் ஆயரில் நாகூர் தர்காவின் பெயரால் கட்டடம் எழுந்தது. அந்தக் கப்பல் வந்தது 1837இல். நீங்கள் எத்தனை முறை அந்தப் பள்ளியில் தொழுதிருப்பீர்கள்!” என்றேன்.

“தெலுக் ஆயர் அந்தக் காலத்தில் கடற்கரை. இப்போது கடல் எங்கோ போய்விட்டது” என்றார் அவர். குரலில் சற்றுத் தெளிவு வந்திருந்தது. படத்தின் இடப்பக்கத்து ஓரத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “ஆள் பாரிஸில் வரைந்தது. சரி, இந்தப் படகு?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி! படகு உருவமாகுமா, காட்சியாகுமா? பாயோவின் கை அதில் பட்டதா, கப்பலில் இருந்தவரின் கையா? பிரெஞ்சு தேசிய நூலகம் தன் பழைய நூல்கள் பலவற்றைக் கணினி வழியே எவரும் காணுமாறு வைத்திருக்கிறது. பெரியவரின் பேத்தி கைபேசியில் அங்கே சென்று பாரிஸின் தோணிப் படங்களைத் தேடிக்கொண்டிருக்கிறாள். உங்கள் வீட்டிலும் இத்தகைய தாள் இருக்குமாயின், சட்டத்தைக் கழற்றி அடிவரியைப் படித்துப் பாருங்கள். சட்டம் போடுபவர்கள் அந்த வரியை அட்டைக்குள் மறைத்துவிடுவது வழக்கம். சிலர் வெட்டியும் விடுகின்றனர். (மனித உருவமுள்ள படங்களை வீட்டில் மாட்டுவது குறித்த மார்க்கச் சட்டம் தனியே பேச வேண்டியது, இங்கு நான் அதில் இறங்கவில்லை.)

மூன்று பெயர்களையும் தமிழில் ஒரு சீட்டில் எழுதித் தரும்படி பெரியவர் கேட்டார். எழுதித் தந்தேன். அதனைச் சட்டத்தின் பின்புறம் ஒட்டியிருக்கிறார். கடந்த வாரம் ஜும்ஆ முடிந்ததும் என்னைத் தடுத்து நிறுத்தினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாராம். அந்தப் படகின் பலகை இணைப்பில் சின்னஞ்சிறு குறுக்குக் கோடுகள் இருக்கின்றனவாம். தையலா, ஆணித்தலையா, அல்லது கல்லின் சொரசொரப்பா என்று அவருக்கும் தெரியவில்லை. போய்ப் பார்த்த எனக்கும் தெரியவில்லை.